கலர்க்காரி தட்டு

"கடையே இல்லாதவளுக்குக் கடை போர்டு எதுக்குடி?"

கேட்டவள் என் மாமன் மகள். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாமா வைத்திருந்த கூல்டிரிங்ஸ் கடையில், ஐஸ் பெட்டியின் மூடிமேல் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டே கேட்டாள். நான் அப்போது ஆசிரியர் பயிற்சியில் முதல் வருடம் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போய் அதை முடித்து வந்த முதல் ஆள் நான்தான். அவள் இரண்டாம் வகுப்போடு நின்றவள். துருப்பிடித்த ஒரு தகர போர்டின் பாதியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைக்குப் பின்னால் சாக்கடையின் மேல் பலகை மாதிரி போட்டிருந்ததை எடுத்துக் கழுவிக்கொண்டு வந்திருந்தேன்.

"பள்ளிக்கூடத்துல மாட்டப் போறியா? அம்மா, ஆடு, கலருன்னு சொல்லிக் குடுக்கப் போறியா?"

கலர் குடிக்க நின்றிருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். விழுப்புரம் வரைக்கும் பஸ்ஸில் அந்தப் போர்டை மடியில் வைத்துக்கொண்டு, சொல்லியிருக்க வேண்டிய பதில்களை ஒவ்வொன்றாக யோசித்துக்கொண்டு வந்தேன். எதுவும் சரியாக வரவில்லை.

நான் சேர்ப்பது குளிர்பானக் கம்பெனிகளின் பழைய விளம்பரச் சாமான்கள். கடை வாசலில் மாட்டும் எனாமல் போர்டு, கயிறு கட்டித் தொங்கவிடும் அட்டை, கம்பெனி பேர் போட்ட பாட்டில் திறப்பான், மரப்பெட்டியின் பலகை, திருவிழாவில் இலவசமாகக் கொடுக்கும் அட்டை விசிறி, வாரப் பத்திரிகையின் பின்னட்டை. பின்னட்டைகளில் பாதி மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மடித்துக் கொடுத்த பொட்டலங்களாகத்தான் எனக்குக் கிடைத்தன. எண்ணெய்க்கறையோடு நோட்டுக்குள் வைத்து நிமிர்த்துவேன். பாட்டில் மூடிகளும் உண்டு. மூடியின் உள்பக்கம் தக்கை ஒட்டியிருந்தால் பழையது, பிளாஸ்டிக் ஒட்டியிருந்தால் புதியது. தக்கை மூடி கிடைத்த நாளில் எனக்குச் சந்தோஷத்தில் சோறு இறங்காது. கறுப்புக் கலர் விற்ற வெளிநாட்டுக் கம்பெனி நாட்டை விட்டுப் போனபோது, அதன் போர்டுகளைக் கழற்றிப் பன்றிக் கொட்டகைக்குக் கூரையாகப் போட்டிருந்ததைக் கண்டமங்கலத்துக்குப் பக்கத்தில் பஸ்ஸிலிருந்தே பார்த்துவிட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்திருக்கிறேன்.

இது எங்கே ஆரம்பித்தது என்று கேட்பவர்களுக்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. என் அப்பா விழுப்புரம் மல்லாட்டை மண்டியில் மூட்டை தூக்குபவர். நான் மூன்றாவது படிக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை மண்டிக்கு அழைத்துப் போயிருந்தார். எதிரே பெட்டிக்கடையில் நீல நிற போர்டு ஒன்று. அதில் ஒரு பாட்டில் படம், பக்கத்தில் எழுத்து. நான் சும்மா நிற்க முடியாமல் எழுத்துக்கூட்டிப் படித்தேன். பாடப்புத்தகத்துக்கு வெளியே நான் படித்த முதல் வரி அது. முதுகில் மூட்டையோடு போய்க்கொண்டிருந்த அப்பா அப்படியே நின்றுவிட்டார்.

"ஏய், இங்க வந்து கேளுங்கடா. எம் பொண்ணு போர்டு படிக்குது."

மூட்டை தூக்குபவர்கள் எல்லாரும் சுற்றி நின்றார்கள். நான் மறுபடியும் படித்தேன். தாகத்துக்குக் குடிக்கும் பானம் என்று அதில் எழுதியிருந்தது. ஒரு பெரியப்பா தலையில் அடித்துக்கொண்டார்.

"அடப்பாவி, இத்தினி வருசமா இத நான் பேதி மருந்துன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

அன்றைக்கு அப்பா எனக்கு ஒரு ஆரஞ்சு கலர் வாங்கிக் கொடுத்தார். முழு பாட்டில், யாரோடும் பங்கு இல்லாமல். சில வருடம் கழித்து அந்தக் கடைக்காரர் போர்டைக் கழற்றிவிட்டுப் பெயின்ட் அடித்த புது போர்டு மாட்டினார். நான் போய்ப் பழையதைக் கேட்டு வாங்கி வந்தேன். என்னிடம் இருப்பதில் அதுதான் முதல் சாமான். இன்றும் என் கட்டிலுக்கு அடியில் கோணியில் சுற்றி வைத்திருக்கிறேன்.

ஆக, தேடித் தேடிச் சேர்த்தவள் நான். என் மாமன் மகளுக்கோ எதையும் தேட வேண்டிய அவசியமே இல்லை. எல்லாம் அவளைத் தேடி வந்தது.

கம்பெனி வண்டி வந்து நின்றதும் விற்பனைக்காரர் முதலில் அவளைத்தான் கூப்பிடுவார். "இந்தாம்மா, புது காலண்டர். இந்தாம்மா, இது மெட்ராஸ் கடைங்களுக்கு மட்டும் குடுக்கறது, உனக்காக எடுத்தாந்தேன்." அவள் வாங்கி ஒரு மூலையில் போடுவாள். கம்பெனி கொடுத்த வெப்பமானியில் ஈரத்துணி காய்ந்தது. கம்பெனி குடையைக் கோழிக்குஞ்சுக்குக் கவிழ்த்து வைத்திருந்தாள். ஒருமுறை நான் போனபோது, அரபியில் எழுதிய ஒரு குளிர்பான டின்னில் துளசி நட்டு வைத்திருந்தாள். கோட்டக்குப்பத்துக்காரர் ஒருவர் வளைகுடாவிலிருந்து ஊருக்குத் திரும்பும்போது கடையில் இறங்கிக் கலர் குடித்துவிட்டு, பையிலிருந்த காலி டின்னை விளையாட்டாக அவளிடம் கொடுத்துவிட்டுப் போனாராம். ஒரு பக்கம் அரபி, ஒரு பக்கம் இங்கிலீஷ். அந்த மாதிரி டின்னை எங்கள் பயிற்சிப் பள்ளியில் ஒரு பெண் பேனா ஸ்டாண்டாக வைத்திருந்தாள். அதைத் தொட்டுப் பார்க்கக்கூட எங்களை விட மாட்டாள். இங்கே அதன் அடியில் ஆணியால் ஓட்டை போட்டு மண் நிரப்பியிருந்தது.

"அதுக்கு இன்னாடி இப்ப? தண்ணி வடியணும் இல்ல?" என்றாள்.

எனக்கு வயிறு எரிந்தது. வேறு வார்த்தை தேடிப் பயனில்லை. நான் படித்தவள், அவள் படிக்காதவள். ஊரில் எல்லாரும் அவளிடம் என்னைக் காட்டி, "அவளப் பாரு, எப்படிப் படிச்சி வந்துட்டா" என்பார்கள். அவள் தலையாட்டுவாள், "ஆமா, அவ கெட்டிக்காரி" என்பாள், அடுத்த பாட்டிலின் மூடியைத் திறப்பாள். என் படிப்பைப் பார்த்து அவளுக்கு ஒரு நாளும் பொறாமை வந்ததில்லை. வந்திருந்தால் நாங்கள் சரிசமமாக இருந்திருப்போம். பொறாமையெல்லாம் என் ஒருத்தியிடமே சேர்ந்துவிட்டது.

அவளிடம் இருந்ததிலேயே எனக்கு வேண்டியது ஒரு தட்டு. வட்டத் தட்டு, தகரத்தில் படம் அச்சடித்தது, ஒரு முழ அகலம். மாமா கடை திறந்த அன்று ஒரு கலர் கம்பெனி கொடுத்தது. கம்பெனி இப்போது இல்லை. தட்டில் ஒரு பெண். பச்சைப் புடவை, முழங்கை வரை ரவிக்கை, பெரிய கொண்டை, கொண்டையைச் சுற்றி மல்லிகை. கை நிறைய வளையல் போட்ட கையில் ஆரஞ்சு கலர் பாட்டில், அதில் ஒரு ஸ்ட்ரா. அவள் ஸ்ட்ராவை இன்னும் வாயில் வைக்கவில்லை. வைக்கப் போகும் சமயத்தில் யாரோ கூப்பிட்டு, திரும்பிப் பார்ப்பது போல ஒரு பார்வை. கடையில் எல்லாரும் அவளைக் கலர்க்காரி என்பார்கள். "கலர்க்காரியை எடுத்தா" என்றால் தட்டை எடுத்து வா என்று பொருள். காரில் வருகிறவர்களுக்கு மட்டும் அந்தத் தட்டில் பாட்டில் வைத்துக் கொண்டுபோவார்கள்.

விளிம்பைச் சுற்றி ஒரு வரி எழுதியிருந்தது. என் மாமன் மகள்தான் ஒரு நாள் தட்டைத் தூக்கிக் காட்டி, "இதுல இன்னா எழுதியிருக்குதுடி?" என்று கேட்டாள். நான் தட்டைச் சுற்றிச் சுற்றிப் படித்துச் சொன்னேன். "ஒரு பாட்டில் போதும், உள்ளமெல்லாம் குளிரும்."

"அவ்ளோதானா? நான் சாமி பேரு எதுனா இருக்கும்னு பார்த்தேன்."

அந்தத் தட்டைக் கேட்டேன். பதிலுக்கு என் புதுத் தாவணியைத் தருவதாகச் சொன்னேன், எடுபடவில்லை. அவளுக்கு எழுதப் படிக்கச் சொல்லித் தருகிறேன் என்றேன்.

"எனக்கு எதுக்குடி எழுத்து? காசு எனக்கு எண்ணத் தெரியும், பஸ்ஸு எனக்கு நிறத்தப் பார்த்தாத் தெரியும்."

"சரி, அந்தத் தட்டு உனக்கு எதுக்கு? அதுல கலர் கொட்டிப் பிசுபிசுன்னு வச்சிக்கினு இருக்க."

"நீ கேக்கற வரைக்கும் எதுக்கும் இல்ல. இப்ப வேணும்."

அடுத்த முறை போனபோது தட்டு சுவரில் மாட்டியிருந்தது. ஆணி அடித்து, கீழே ஒரு கட்டை வைத்து, ஒரு முழம் கனகாம்பரம்கூடச் சுற்றியிருந்தாள். காலண்டர்கள் வரிசையாகத் தொங்கின. துளசி வேறு இடத்துக்குப் போய், அரபி டின் கழுவி மேல் அலமாரியில் வைக்கப்பட்டிருந்தது. நான் ஆசைப்பட்டுக் கைகாட்டியது ஒவ்வொன்றும் சுவர் ஏறியிருந்தது. கடைக்கு வருகிறவர்கள் நின்று பார்த்துவிட்டு, "நல்லா இருக்குதும்மா" என்று சொல்லிப் போனார்கள். ஒரு முழுச் சுவர். எனக்குக் கட்டிலுக்கு அடியில் ஒரு இடம்.

"எப்படி இருக்குது டீச்சரம்மா?" என்றாள்.

"பரவாயில்ல" என்றேன். என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

பயிற்சி முடித்து, காணை கிராமத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தேன். அடுத்த வருடமே என் தங்கை பெரியவளானாள். மஞ்சள் நீராட்டுக்குத் தாய்மாமன் சீர் கொண்டுவர வேண்டும். எங்கள் சொந்தத்தில் சீர்த்தட்டுகள் ஒற்றைப்படையாக இருக்க வேண்டும் என்பது ஒரு முறை. இன்னொரு முறையும் உண்டு. மற்ற தட்டுகளைக் காலி செய்து ஒரு பிடி அரிசி போட்டு மாமன் வீட்டுக்கே திருப்பி அனுப்புவோம். பட்டுப்புடவை வைத்து வந்த தட்டு மட்டும் திரும்பிப் போகாது. அது வயசுக்கு வந்த பெண்ணுக்குச் சொந்தம்.

மாமா வீட்டார் வேன் பிடித்து வந்தார்கள். முன்னால் மேளம், பின்னால் பெண்கள் வரிசையாகத் தட்டு ஏந்தி. பழத்தட்டு, பூத்தட்டு, வளையல் தட்டு, தேங்காய்த் தட்டு எல்லாம் பித்தளை. நடுவில் மாமாவின் மனைவி, என் அத்தை, புடவைத் தட்டை ஏந்தி வந்தாள். அரக்கு நிறப் பட்டு. புடவை ஓரம் சற்று விலகிய இடத்தில் விளிம்பு தெரிந்தது. மஞ்சள் விளிம்பு, அதில் சிவப்பு எழுத்து. "போதும்" என்ற சொல்லை மட்டும் என்னால் படிக்க முடிந்தது. அது எனக்குப் போதுமாக இருந்தது.

நடந்ததை அங்கேயே அத்தை சொன்னாள். புடவைக்கென்று எடுத்து வைத்த வெள்ளிப்பூச்சுத் தட்டை அவசரத்தில் வீட்டிலேயே விட்டுவிட்டார்கள். வேனில் ஏறி எண்ணிப் பார்த்தால் தட்டுகள் இரட்டைப்படையில் நின்றன. திரும்பிப் போக நேரமில்லை. வழியில் கடை வந்ததும் மாமா இறங்கிப்போய்ச் சுவரில் இருந்ததைக் கழற்றி வந்திருக்கிறார். என் மாமன் மகள் வேனின் முன் சீட்டில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அலங்காரம் கெடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் நடந்ததை அவள் பார்க்கவில்லை.

பந்தலில் தட்டுகளை வரிசையாக வைத்தபோதுதான் பார்த்தாள். நான் அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு நாள் காத்திருந்ததற்கு அந்த முகம் ஒன்று போதும் என்று இருந்தது.

நேராக என்னிடம் வந்தாள். சிரித்த முகமாகத்தான் வந்தாள், சுற்றிலும் சொந்தம் இருந்ததால்.

"ஏய், தட்டு மாறிப் போச்சிடி. சாய்ந்திரம் வேற தட்டு குடுத்தனுப்பறேன். புது எவர்சில்வரு. பெருசு."

"சீர்த்தட்ட யாராவது திருப்பிக் கேப்பாங்களா?"

"தட்டு எங்கிதுடி."

"நேத்து வரைக்கும் உங்கிது. இப்ப என் தங்கச்சிது."

"பேஜாரு பண்ணாத. எங்கப்பா தெரியாம எடுத்தாந்துட்டாரு."

"மாமாதானே எடுத்து வந்தாரு? சபையில வச்சாச்சி. எல்லாரும் பார்த்தாச்சி. நீ வேணும்னா மைக்குல சொல்லிக் கேட்டுப் பாரு."

ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்து காலாட்டியவள் மைக் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். நான் புடவையை எடுத்துத் தங்கை கையில் கொடுத்துவிட்டு, தட்டை முந்தானைக்குள் மறைத்து உள்ளே எடுத்துப் போனேன். கலர்க்காரி என் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு வந்தாள். உள்ளே அம்மா இருந்தாள்.

"அம்மா, இது புடவைத் தட்டு. யாரு கேட்டாலும் குடுக்காத. மத்ததோட கலந்துடாத. நல்லா வச்சிக்க."

"நான் பார்த்துக்கறேன், நீ போ. பந்தில எல எடுக்க ஆளு இல்ல" என்றாள் அம்மா.

பந்தி பரிமாறி முடித்து, மாமா வீட்டாரைச் சாப்பிட உட்கார வைத்து, இலை எடுத்து, கை கழுவினேன். அந்த நேரம் முழுக்க என் மனம் சுவர் தேடிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டில் ஆணி தாங்கும் சுவர் ஒன்றுதான். அதில் சாமி படங்கள். சாமியைக் கொஞ்சம் நகர்த்தலாம் என்று தீர்மானித்தேன்.

வீட்டுக்குப் பின்னால் கைப்பம்பு ஒன்று இருந்தது. அங்கே என் அம்மா சேலையைத் தூக்கிச் செருகி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் எங்கள் தெருப் பெண்கள் இரண்டு பேர். முன்னால் புளிக்கரைசல், செங்கல் தூள், தேங்காய் நார். பித்தளைத் தட்டுகள் தேய்த்துக் கவிழ்த்து வரிசையாக மினுங்கின. பிறந்த வீட்டுத் தட்டை அழுக்கோடு திருப்பி அனுப்பினால் மரியாதை இல்லை. அதனால் சாப்பாடு ஆவதற்குள் தேய்த்துவிட வேண்டும்.

தனியாக ஒரு தட்டைச் சுவரில் சாய்த்து வெயிலில் வைத்திருந்தாள். வட்டமாக, வெள்ளையாக, கண் கூசும்படி ஒரு தட்டு.

"இதத்தான் மொதல்ல தேச்சேன்" என்றாள் அம்மா. "சாய்ந்திரம் இதுலதானே ஆரத்தி கரைக்கணும்? பெயின்ட்டும் துருவுமா ஒரே அசிங்கம். நாரு ரெண்டு தீர்ந்துபோச்சி. பாரு, வெள்ளியாட்டம் வந்துட்டுது."

நான் அதை எடுத்தேன். கொண்டை இல்லை, பச்சைப் புடவை இல்லை, திரும்பிப் பார்த்த பார்வை இல்லை. விளிம்போரமாக வளையல் போட்ட கை மட்டும் மிச்சம் இருந்தது. மணிக்கட்டும், நாலு விரலும், பாட்டிலின் அடிப்பாகமும். அந்த ஓரத்துக்கு நார் எட்டவில்லை.

என் அம்மா மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நல்லா வச்சிக்க என்று நான் சொன்னேன். ஒரு பாத்திரத்தை நன்றாக வைத்துக்கொள்ள அவளுக்குத் தெரிந்த வழி அதுதான். கை எல்லாம் புளி ஊறிச் சிவந்திருந்தது.

பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. என் மாமன் மகள் கை கழுவ வந்திருந்தாள். சாப்பிட்ட கையோடு நின்று, தட்டைப் பார்த்தாள். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் சிரித்திருந்தால் எனக்குச் சண்டை போடவாவது முடிந்திருக்கும். அவள் கண் நிறைந்து, அப்படியே கன்னத்தில் வழிந்தது. எச்சில் கையை நீட்டிக்கொண்டிருந்ததால் துடைக்கவும் முடியவில்லை.

"நான் தவழும்போது அவ மூஞ்சியத் தட்டித் தட்டித்தான் எழுந்து நின்னேனாம். எங்கம்மா சொல்லும்" என்றாள். பிறகு மெதுவாக, தனக்குத்தானே சொல்வது போல, "ஒரு பாட்டில் போதும், உள்ளமெல்லாம் குளிரும்."

அது நான் படித்துச் சொன்ன வரி. ஒரே ஒரு முறை சொன்னது. அதையும் அவள் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். நான் அந்தத் தட்டுக்காக அவ்வளவு அலைந்தும், அன்றைக்கு அதற்காக அழும் உரிமை அவளுக்குத்தான் இருந்தது. அவள் அழுகையைப் பார்த்தும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "இன்னாங்கடி ரெண்டு பேரும்? நல்லாத்தானே இருக்குது?"

"நல்லா இருக்குது அத்தே" என்றாள் அவள். "வெள்ளியாட்டம் இருக்குது." பம்பை அடித்துக் கை கழுவிக்கொண்டாள்.

மாலையில் அந்தத் தட்டில்தான் ஆரத்தி கரைத்தார்கள். சிவப்புத் தண்ணீருக்குள் அந்த வளையல் கை தெரிந்தது.

கிளம்பும்போது மாமாவிடம் யாரோ விஷயத்தைச் சொல்லிவிட்டார்கள். வேன் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு அவர் சிரித்தார்.

"இதுக்கா ரெண்டு பேரும் மூஞ்சியத் தூக்கி வச்சிக்கினு இருக்கீங்க? அதே பொம்பள படம் போட்டு ஆளு உசரத்துக்கு ஒரு போர்டு இருந்திச்சே, கடை வாசல்ல. பிரம்மதேசத்துல ஒருத்தரு கெணத்து மோட்டார் கொட்டாய்க்குக் கதவு இல்லன்னு எடுத்துக்கினு போனாரு. தட்டு போனா போவுது, வுடுங்க."

நான் என் மாமன் மகளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். வேன் போய்விட்டது.

அடுத்த ஞாயிறு தங்கைக்குக் காய்ச்சல், பிரம்மதேசம் போக முடியவில்லை. அதற்கடுத்த ஞாயிறு கிளம்பினேன். திண்டிவனத்தில் பஸ் ஸ்டாண்டுக்கு முந்தின நிறுத்தத்திலேயே இறங்கி, மாமா கடைப் பக்கம் போகாமல் சுற்றி நடந்து வேறு பஸ் பிடித்தேன். பிரம்மதேசத்தில் இறங்கிக் கோயிலைத் தாண்டிக் கழனிகளுக்குள் விசாரித்துக்கொண்டே போனேன். மோட்டார் கொட்டாய் ஒன்றுக்கு மரச்சட்டத்தில் ஒரு தகரக் கதவு. வெளிப்பக்கம் ஒன்றுமே இல்லை. வெறும் துரு. வந்தது வீண் என்று நினைத்தேன். களை எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண், கழனிக்காரரின் மனைவி, வந்து கதவைத் திறந்துவிட்டாள்.

கலர்க்காரி உள்ளே இருந்தாள். முகத்தை உட்பக்கமாக வைத்து மாட்டியிருந்தார்கள். வெயிலும் மழையும் படாமல், மோட்டாரைப் பார்த்துக்கொண்டு, பச்சைப் புடவை பச்சையாகவே நின்றிருந்தாள். என்னைவிட உயரம். தட்டில் தெரியாதது இதில் தெரிந்தது. காதில் கல் தோடு போட்டிருந்தாள்.

"இதத்தான் பாக்க வந்தீங்களா?" என்றாள் அந்தப் பெண். "இதுல இன்னாதான் இருக்குதோ. போன வாரந்தான் ஒரு பொண்ணு வந்து பார்த்துட்டுப் போச்சி. திண்டிவனத்துல கலர் கடைக்காரங்க பொண்ணாம்."

"குடுக்கறேன்னு சொல்லிட்டீங்களா?"

"எங்க ஊட்டுக்காரரு, ஒரு மரக் கதவு கொண்டாந்து மாட்டிட்டு எடுத்துக்கினு போங்கன்னு சொன்னாரு. யாரு கொண்டாந்தாலும் சரின்னாரு. அந்தப் பொண்ணு கயித்தால அளந்துக்கினு போச்சி. அங்க ஒரு முடிச்சி, இங்க ஒரு முடிச்சி."

"எப்ப கொண்டாரேன்னு சொன்னா?"

"அமாவாச கழிச்சின்னு சொல்லிச்சி."

என் பையில் பள்ளிக்கூட அளவுகோல் இருந்தது. வாசலை உயரமும் அகலமும் எடுத்து, இரண்டு முறை சரிபார்த்து, குறித்துக்கொண்டேன். கதவை மூடுவதற்கு முன் இன்னொரு முறை கலர்க்காரியைப் பார்த்தேன். யாரோ கூப்பிட்டுத் திரும்பிய அதே பார்வை. கூப்பிட்டது நானா, என் மாமன் மகளா என்று அதற்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. கடை இல்லாதவளுக்கு போர்டு எதுக்கு என்று கேட்டவள், ஒரு வாரம் முன்னால் இதே இடத்தில் கயிற்றோடு நின்றிருக்கிறாள். அவளிடம் ஒரு முழுச் சுவர் இருக்கிறது. என்னிடம் அளவுகோல் இருந்தது.

திண்டிவனத்துத் தச்சர்கள் எல்லாருக்கும் மாமாவைத் தெரியும். அதனால் விழுப்புரத்தில் கொடுத்தேன். வேப்பம் பலகை, குறுக்குச் சட்டம், இரும்புக் கீல். தச்சர் முடிக்கும் வரைக்கும் தினமும் பள்ளி விட்டதும் போய் நின்றேன். "உங்க வீட்டுக் கல்யாணத்துக்கா டீச்சர் இவ்ளோ அவசரம்?" என்று கேட்டார். இல்லை, ஒரு மோட்டாருக்கு என்றேன்.

அமாவாசைக்கு முந்தின நாள், மண்டியிலிருந்து திண்டிவனம் பக்கம் போகும் காலி லாரி ஒன்று கிடைத்தது. அப்பாவே கதவைத் தோளில் தூக்கி வந்து ஏற்றினார். போர்டு படித்த கதையைக் கிளீனரிடம் சொல்லிக்கொண்டே கயிறு போட்டு இறுக்கினார். கீழ்ப்பக்கம் அடிபடாமல் இருக்கக் கோணி மடித்து வைத்தார்.

நான் டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து வழி சொன்னேன். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு வழியாகப் போக வேண்டாம், கொஞ்சம் தூரமானாலும் சுற்றிக்கொண்டு போகலாம் என்றேன்.